கொடிக்கு முன்னே கொழுகொம்பு

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் நாற்றுமேடைக்குள் நுழைகிறவர்கள் கன்று வாங்க வந்தவர்களா, ஆராதனைக்கு வந்தவர்களா என்று வீதியில் போகிற யாருக்கும் விளங்காது. நாலு பேர் சேர்ந்து மிளகுக் கன்றுத் தட்டுகளை ஓரத்துக்கு நகர்த்துவார்கள். வெறும் உரப்பைகளை உதறிப் போட்டு அதன்மேல் பாய் விரிப்போம். இடுப்பளவு உயரமுள்ள ஓர் இரும்பு ஸ்டாண்டை மட்டும் நடுவில் நிறுத்தி, ஈரம் துடைத்து, வெள்ளைத் துணி போர்த்துவோம். வாரத்தில் ஆறு நாள் அதன்மேல் கறுப்புப் பைகளில் கன்றுகள் இருக்கும். ஏழாம் நாள் வேதப்புத்தகம் இருக்கும்.

எனக்கு 61 வயது. மாத்தளையிலிருந்து ரத்தோட்டைக்குப் போகிற பாதையில், நக்கிள்ஸ் மலைத்தொடர் தெரிகிற ஒரு திருப்பத்தில் பதினான்கு வருடமாக இந்த நாற்றுமேடையை நடத்துகிறேன். கன்றோடு மம்பட்டி, அலவாங்கு, முள்ளு, சுரண்டி, கவ்வாத்துக் கத்தி, பூச்சட்டி ஸ்டாண்ட் எல்லாம் விற்கிறேன். மூன்று வருடமாக ஒரு சபையும் இங்கேயே வளர்கிறது. எங்கள் போதகர்மார் இதை "சபை நாட்டுதல்" என்பார்கள். அந்தச் சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். நாட்டுகிற வேலை எனக்குத் தெரிந்த வேலை. நாட்டுகிறதில் எந்த இடத்தில் ஆட்கள் பிழை விடுகிறார்கள் என்பதும் தெரியும்.

கருவியிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் வீட்டில் தாத்தாவின் அலவாங்கு ஒன்று இருக்கிறது. ஓர் ஆள் தோளுயரம் இருந்த இரும்பு, நுனி தேய்ந்து தேய்ந்து இன்று ஒரு சாண் குறைந்து நிற்கிறது. அலவாங்கு என்பது போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். அவர்கள் நெம்புகோலை "அலவாங்கா" என்றார்கள். மம்பட்டியோ நம்முடைய மண்வெட்டிதான். நம் ஆட்கள் வாயிலிருந்து கேட்டுத்தான் இங்கிலீஷ் துரைமார் தங்கள் கணக்குப் புத்தகத்தில் "மமோட்டி" என்று எழுதிக்கொண்டார்கள். இலங்கை இங்கிலீஷில் அது இன்றைக்கும் இருக்கிறது. நம் சனங்கள் காணியில்லாமல், பிரஜாவுரிமையில்லாமல் கிடந்த காலத்திலும், கையிலிருந்த கருவியின் பெயர் மட்டும் துரையின் மொழிக்குள் போய் உட்கார்ந்திருந்தது. இதை நினைக்கிறபோதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிரும்.

மம்பட்டி வாங்க வருகிறவர்களுக்கு நான் சொல்கிறது இவ்வளவுதான். தகட்டைக் கல்லில் மெல்லத் தட்டிப் பாருங்கள். மணி போலச் சத்தம் வந்தால் இரும்பு நல்லது. பொத்தென்று கேட்டால் ஓரமாக வைத்துவிடுங்கள். பிடிக்குக் கொய்யாக் கம்பு நல்லது, வெடிக்காது, கையை அறுக்காது. பிடியை நிலத்தில் ஊன்றினால் உங்கள் தொப்புளுக்கு மேலே வர வேண்டும். குட்டைப் பிடிதான் பெண்களின் இடுப்பை முறிக்கிறது. கடைக்காரர் சின்னதைக் கொடுத்து "இது உங்களுக்குப் போதும் அக்கா" என்பார். தகடு சின்னதாக இருக்கட்டும், பிடி நீளமாக இருக்கட்டும் என்று கேட்டு வாங்குங்கள். மரத்தடியில் மண்ணை இளக்க வேண்டுமென்றால் மம்பட்டியைத் தொடாதீர்கள், வேர் அறுந்துபோகும். அதற்கு முள்ளு இருக்கிறது. நாலு பல்லையும் நேரே குத்தி, பிடியைப் பின்னால் சாய்த்து, மண்ணைப் புரட்டாமல் விட்டுவிட வேண்டும். தேயிலை மலையில் "முள்ளுக் குத்துறது" என்று இதைத்தான் சொல்வார்கள்.

ஸ்டாண்ட் விஷயத்தில் எனக்குப் பட்ட பாடுகள் உண்டு. தொடக்கத்தில் பலகை ஸ்டாண்ட் வைத்தேன், ஒரே மாரியில் கறையான் தின்றுவிட்டது. பிறகு கமுகு மரத்தைப் பிளந்து சட்டமடித்தேன். மாத்தளையில் கமுகுக்குப் பஞ்சமில்லை, நாலைந்து வருடம் தாங்கும். இப்போது வெல்டிங் வேலை செய்கிற என் தம்பி இரும்பில் செய்து தருகிறான். மேலே கமுகுச் சட்டம், சட்டத்துக்குச் சட்டம் ஒரு விரல் இடைவெளி. அந்த இடைவெளி இல்லையென்றால் பைக்குள் தண்ணீர் தேங்கி வேர் அழுகும். காலை மண்ணில் ஊன்றாமல் கல்லின்மேல் நிறுத்த வேண்டும். உயரம் இடுப்பளவு. வயதான பெண்கள் குனியாமல் நின்றபடியே கன்றுக்குத் தண்ணீர் ஊற்றட்டும் என்று தம்பியிடம் பிடிவாதமாகக் கேட்டு வாங்கிய உயரம் அது. பிறகு அதுவே வேதம் வாசிக்கவும் சரியான உயரமாக அமைந்தது.

இனி மிளகு. இதைக் கொஞ்சம் விரித்துத்தான் சொல்ல வேண்டும், எங்கள் சபையின் கதை அதற்குள்ளேதான் இருக்கிறது.

மாத்தளை மாவட்டம் வாசனைப் பயிர்களின் ஊர். மிளகு, கொக்கோ, சாதிக்காய், கராம்பு எல்லாம் இங்கே விளையும். ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் மத்திய ஆராய்ச்சி நிலையமும் மாத்தளையில்தான் இருக்கிறது. மிளகுக் கொடியை வேகமாகப் பெருக்குவதற்கு மூங்கிலை வைத்துச் செய்கிற ஒரு முறை உண்டு. இலங்கையில் உருவான முறை. இந்தியாவில் அதைச் சற்று மாற்றிக் கையாளுகிறார்கள். மூங்கிலை இரண்டாகப் பிளந்து, நாலைந்து அடி நீளத் துண்டுகளாக்கி, 45 பாகைச் சாய்வில் ஒரு தாங்குகோலில் வரிசையாகச் சாத்த வேண்டும். அடிப்பக்கத்தில் ஒரு கான் வெட்டி மண் நிரப்பிக் கொடியை நட வேண்டும். மூங்கில் குழிவுக்குள் தும்புத்தூளும் மக்கிய சாணமும் நிரப்பி, கொடி ஏற ஏற ஒவ்வொரு கணுவையும் அந்தக் கலவையோடு அழுத்திக் கட்டிக்கொண்டே போக வேண்டும். கட்டிய கணுவெல்லாம் வேர்விடும். மூன்று நாலு மாதத்தில் கொடி மூங்கிலின் உச்சிக்கு வந்து இருபது கணு விட்டதும், அடியிலிருந்து மூன்று கணு விட்டுத் தண்டை நசுக்கி, நுனியையும் கிள்ளிவிடுவோம். பத்து நாளில் கணுக்களில் மொட்டு விழித்துக்கொள்ளும். பிறகு கொடியை வெட்டி, வேரோடு இருக்கிற ஒவ்வொரு கணுவையும் தனித்தனிப் பையில் வைப்போம். பைக்கு மேல்மண், மணல், சாணம், தும்புத்தூள் சமபங்கு. ஒரு கொடி வருடத்தில் நாற்பது கன்று வரை தரும் என்பார்கள்.

கன்று வாங்கிப் போகிறவர்கள் விடுகிற பிழை இதற்குப் பிறகுதான் வருகிறது. கையில் பசுமையாகக் கன்று இருக்கிற அவசரத்தில் போன கையோடு நட்டுவிடுகிறார்கள். கொடி ஏற மரம் இருக்காது. ஒரு காய்ந்த கம்பை ஊன்றி வைப்பார்கள், அடுத்த மாரிக்குள் அது உளுத்துச் சாயும், கொடி நிலத்தில் புரளும். மிளகுக்கு முன்னே கொழுகொம்பு வேண்டும், அதுவும் உயிருள்ள கொழுகொம்பு. இங்கே நாங்கள் கிளிரிசிடியாக் கம்புதான் நடுகிறோம். சிங்களத்தில் வெட்டமாரா. தேயிலை, ரப்பர், தென்னைக்கு அடுத்தபடியாக நாலாவது பெருந்தோட்டப் பயிர் என்று அரசாங்கம் அறிவித்த மரம். ஆளுயரக் கம்பை எட்டடிக்கு எட்டடி நட்டு, அது வேர்விட்டுத் துளிர்க்கிற வரை மாதக்கணக்கில் காத்திருந்து, அதன் பிறகே கொடியை வைக்க வேண்டும். அந்த மரத்தின் இலை கொடிக்கு உரம், நிழல் கொடிக்குக் குடை.

மூன்று வருடத்துக்கு முன்னால் எங்கள் போதகர் தாய்ச்சபையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். இந்தப் பக்கத்து ஏழு குடும்பங்கள் பழைய தோட்டத்திலிருந்து இறங்கி வந்து வீதியோரத்தில் குடியேறியிருந்தோம். தோட்டத்தில் இருந்த சின்னக் கோயில் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தது. "அம்மா, இங்க ஒரு சபை நாட்டணும். கட்டட நிதி ஒண்ணு தொடங்குவமா?" என்று கேட்டார். நல்ல மனுசன், வயதில் என் மகன் மாதிரி. நான் அவரைக் கூட்டிக்கொண்டு போய், கொம்பு இல்லாமல் நட்டுப் புரண்டு கிடந்த ஒரு வரிசை மிளகைக் காட்டினேன். "ஐயா, கட்டடம் கொடி. நாம இன்னும் கொம்பே நடல" என்றேன். அவர் குனிந்து அந்தக் கொடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கொம்புன்னு எதைச் சொல்றீங்க?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு என் பதில் நான் யோசித்துக் கண்டுபிடித்தது அல்ல. எங்கள் சனங்களின் கதையில் இருந்ததுதான்.

தென்னிந்தியாவிலிருந்து கோப்பிக் காட்டுக்கு வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டைக் கடந்து, தம்புள்ளை, நாலந்தை வழியாக நடந்தே மாத்தளைக்கு வந்தார்கள். மலைநாட்டின் வாசல் மாத்தளைதான். கண்டியிலிருந்து மாத்தளைக்கு ரயில் வந்தது 1880இல். அதற்கு முன்னால் காலே வண்டி. காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் பல ஆயிரம். 2023இல், நம் சனங்கள் மலையகத்துக்கு வந்து 200 வருடம் என்று சொல்லி, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அதே வழியில் நடந்தார்களே, தேசிய கிறிஸ்தவ மன்றமும் அதில் முன்னின்றது. ஜூலை 28ஆம் திகதி புறப்பட்டவர்கள் ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளைக்கு வந்து சேர்ந்தார்கள். நானும் அன்றைக்கு நகரத்துக்குப் போய் நின்றேன். வெடித்திருந்த அந்தக் கால்களைப் பார்த்து அழுதேன்.

வந்தவர்களுக்குத் துரை கொடுத்தது மம்பட்டியும் அலவாங்கும். காடு வெட்டி, எரித்து, கயிறு பிடித்து, பெரும்பாலும் ஆறடிக்கு ஆறடி குழி தோண்டிக் கோப்பி நட்டார்கள். 1854இல் கிறிஸ்தவர்களான சில தோட்டத்துரைமார் பணம் போட்டு, திருச்சபை ஊழியச் சங்கத்தோடு சேர்ந்து, தொழிலாளருக்கென்று ஒரு மிஷன் தொடங்கினார்கள். அதன் பெயர் "தமிழ்க் கூலி மிஷன்". அந்தப் பெயரை எழுத எனக்கு இன்றைக்கும் கை கூசுகிறது. ஆண்டவர் பெயரால் தொடங்குகிற காரியத்துக்கு மனுசரைக் கூலியென்று பெயர் வைக்கலாமா? ஆனாலும் அந்த மிஷனைத் தாங்கியவர்கள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த உபதேசியார்மார். எங்கள் பேச்சில் பேசி, லயத்து வாசலில் சாணம் மெழுகிய தரையில் உட்கார்ந்தார்கள். விடியற்காலையில் வேலைக்கு ஆள் கூட்டுகிற பிரட்டுக் களத்திலும் வேலை முடிந்த அந்தியிலும் வேதம் சொன்னார்கள். கட்டடம் அவர்களுக்குப் பின்னால் வந்தது.

அவர்கள் வந்த சீமையிலேயே அதற்கு முன்மாதிரி இருந்தது. சாத்தான்குளத்துக்குப் பக்கத்தில் 1799இல் தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியார், விரட்டப்பட்டு நின்ற கிறிஸ்தவர்களுக்கென்று காணி வாங்கி ஒரு குடியிருப்பை உண்டாக்கினார். முதல் ஊர் என்பதால் அதற்கு முதலூர் என்றே பெயர். அங்கே சபை நாட்டியது என்றால் குடியிருக்க நிலமும் குடிக்கத் தண்ணீரும் ஜெபிக்க ஒரு கூரையும் சேர்ந்ததுதான்.

இன்னும் பின்னால் போனால் பவுல் இருக்கிறார். கொரிந்துவில் அவர் கூடாரம் தைத்துப் பிழைத்தார், ஆக்கில்லா பிரிஸ்கில்லாள் என்ற தம்பதியோடு ஒரே தொழில், ஒரே வீடு. பிற்பாடு வேறு ஊரில் அவர்கள் வீட்டிலேயே சபை கூடியது. தான் நட்டதாகவும், இன்னொருவர் தண்ணீர் விட்டதாகவும், விளையச் செய்கிறவர் தேவன் என்றும் பவுல் எழுதியது அந்தக் கொரிந்துச் சபைக்குத்தான். சிரியாவில் தூரா எவ்ரோப்போஸ் என்ற இடத்தில் மூன்றாம் நூற்றாண்டுச் சபை வீடு ஒன்றைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். சாதாரணக் குடியிருப்பு வீடு. இரண்டு அறைகளுக்கு நடுவே இருந்த சுவரை இடித்து, ஒரு நீளமான அறையாக்கிக் கூடியிருக்கிறார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்துக் காம்பராவில் பிறந்து வளர்ந்த எனக்கு, அந்தச் சுவரை இடித்தவர்களின் மனசு நன்றாக விளங்குகிறது.

எங்கள் மாவட்டத்திலேயே இன்னொரு சாட்சி உண்டு. கலேவெலப் பக்கம் வஹகோட்டே என்ற சிங்களக் கத்தோலிக்கக் கிராமம், புனித அந்தோனியார் கோயிலுக்குப் பேர்போன இடம். கண்டி அரசர்கள் குடியேற்றிய போர்த்துக்கேயப் போர்வீரர்களின் வழிவந்தவர்கள் என்று அவர்களைச் சொல்வார்கள். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரை விரட்டிய காலத்தில், 1687இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்த யோசேப் வாஸ் அடிகள் கண்டி இராச்சியத்துக்குள் நுழைகிற வரை, குருவானவர் இல்லாமலே சனங்கள் விசுவாசத்தைக் காத்து வைத்திருந்தார்கள்.

இவையெல்லாம் கொம்புகள். சனங்கள், அயலவர், தண்ணீர், நம்பிக்கை. போதகரிடம் அதைத்தான் சொன்னேன்.

எங்கள் பழைய தோட்டத்துக் கோயில் ஏன் ஆளில்லாமல் போனது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1964இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தப்படி ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தார்கள். எங்கள் லயத்தில் பாதி அப்படிப் போனது. என் அம்மாயியும் போனாள். 1983 ஜூலையில் மாத்தளை நகரத்தில் தமிழர் கடைகள் எரிந்தபோது மிச்சமிருந்தவர்களிலும் பலர் வன்னிப் பக்கம் போனார்கள். கோயில் கட்டடத்தை யாரும் இடிக்கவில்லை. கொம்பு விழுந்தது, கொடியும் விழுந்தது.

ஆகவே இந்த முறை நாங்கள் கட்டடம் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு, முதல் ஆறு மாதமும் அயலவர் வீடுகளுக்குப் போனோம். எங்களைச் சுற்றிச் சிங்களக் குடும்பங்கள், நாலு முஸ்லிம் குடும்பங்கள், மிச்சம் எங்கள் சொந்தக்காரச் சைவக் குடும்பங்கள். என் அக்கா இன்றைக்கும் மாசி மகத்துக்கு மாத்தளை முத்துமாரியம்மன் பஞ்சரதத் தேர் பார்க்காமல் இருக்க மாட்டாள். அவளுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்து அனுப்புகிறவள் நான். விகாரைக்குப் பாதை செப்பனிடச் சிரமதானம் வைத்தபோது எங்கள் பையன்கள் எட்டு மம்பட்டியோடும் தாத்தாவின் அலவாங்கோடும் போனார்கள். கல் பெயர்க்க அந்த அலவாங்குக்கு நிகராக அங்கே வேறு கருவி இல்லை என்று திரும்பி வந்து பெருமையாகச் சொன்னார்கள்.

அப்படி இருந்தும் இரண்டாவது வருடம் யாரோ ஒருவர் எங்கள்மேல் முறைப்பாடு கொடுத்துவிட்டார். அனுமதியில்லாமல் தேவாலயம் நடத்துகிறோமாம். இரண்டு அதிகாரிகள் வந்து, பாயில் உட்கார்ந்திருந்தவர்களின் பெயரையெல்லாம் எழுதினார்கள். சின்னப் பிள்ளைகள் பயந்துபோனார்கள். எனக்குக் கை நடுங்கியது.

புதிதாகச் சபை தொடங்குகிறவர்கள் இந்த இடத்தில் சட்டத்தைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அரசியலமைப்பின் 10ஆவது உறுப்புரை ஒவ்வொருவருக்கும் தான் விரும்பிய மதத்தை நம்புகிற சுதந்திரத்தைத் தருகிறது. தனியாகவும் கூட்டமாகவும் வழிபடுகிற உரிமை 14ஆவது உறுப்புரையில் இருக்கிறது. 9ஆவது உறுப்புரை பௌத்தத்துக்கு முதலிடம் கொடுக்கிறது. மற்ற மதத்தவரின் அந்த உரிமைகளையும் அதே வாக்கியத்திலேயே உறுதிசெய்கிறது. ஆனால் புதிய வழிபாட்டுத் தலம் கட்டுவதென்றால் கதை வேறு. 2008இல் மத விவகார அமைச்சு வெளியிட்ட சுற்றறிக்கை, அதற்கு அமைச்சின் அனுமதி வேண்டும் என்கிறது. அந்தச் சுற்றறிக்கையைக் காட்டி வீட்டு ஜெபக் கூட்டங்களையும் நிறுத்தச் சொன்ன இடங்கள் நாட்டில் உண்டு. கட்டட வரைபடத்துக்குப் பிரதேச சபை, கடிதங்களுக்குக் கிராம அலுவலரும் பிரதேச செயலகமும், கிறிஸ்தவ அலுவல்களுக்குக் கொழும்பில் தனித் திணைக்களம். தோட்டக் காணியென்றால் நிர்வாகத்தின் சம்மதமும் வேண்டும், அது எங்கள் பெயரில் இல்லாத நிலம். எல்லாக் கடிதத்துக்கும் பிரதி எடுத்து ஒரு கோப்பில் வையுங்கள். தாய்ச்சபையின் கடிதம் ஒன்று எப்போதும் கையில் இருக்கட்டும்.

ஆனால் அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது கோப்பு அல்ல. வேலிக்கு அந்தப் பக்கம் பாக்குப் பொறுக்கிக்கொண்டிருந்த பக்கத்துக் காணிக்காரப் பெரியவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவரை நான் மாத்தையா என்பேன், அவர் என்னை அக்கே என்பார். அதிகாரிகளிடம் சிங்களத்தில் சொன்னார்: "இவங்க பாடுறது எனக்குக் கேக்கும். பெட்டி போட்டுக் கத்துறதில்ல. என் மிளகுத் தோட்டமே இந்த அக்கா குடுத்த கொடிதான். எதுவும் எழுதணும்னா என் பேரையும் எழுதிக்குங்க." ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்று முதல் நாளே நாங்கள் எடுத்திருந்த முடிவு அன்றைக்கு எங்களுக்குச் சாட்சி சொன்னது.

இப்போது பன்னிரண்டு குடும்பம். காணி ஒன்று பார்த்திருக்கிறோம், விண்ணப்பம் போயிருக்கிறது, பதில் வரவில்லை. கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் போதகர் மறுபடியும் கட்டட நிதி பற்றி ஆரம்பித்தார். இந்த முறை நான் மறுக்கவில்லை. முதலில் கிணற்றை வெட்டுவோம், வீதிப் பக்கமாக வெட்டுவோம், யாரும் வந்து அள்ளட்டும் என்று மட்டும் சொன்னேன். அவர் அதைத் தன் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

போன வாரம் ஆராதனை முடிந்து துணியை மடிக்கும்போது மாத்தையா வேலியோரம் நின்று கூப்பிட்டார்.

"அக்கே, அந்தப் புதுக் காணியில வெட்டமாரா நட்டாச்சா?"

"இன்னும் இல்ல மாத்தையா. காணி எங்க கைக்கு வரட்டும்னு பாக்குறோம்."

"காணிக்காரன் எனக்குத் தெரிஞ்சவன்தான், நான் கேக்குறேன். கம்பு என் வேலியில இருக்கு. இந்த மழை விட்டா அடுத்த மழை வரைக்கும் காத்திருக்கணும்."

திங்கட்கிழமை விடிய, நாற்பது கம்பு வெட்டி வேலியோரம் அடுக்கியிருந்தார். தம்பி தாத்தாவின் அலவாங்கை எடுத்துக்கொண்டு குழி போடப் போனான்.